பழைய போனோகிராஃபுக்கு அசல் கையேடு தேடுவது எப்படி?

சாவி கொடுத்தால் சுற்றும், ஊசியை வைத்தால் பாடும். இதற்குப் போய்க் கையேடு எதற்கு என்று, புதிதாக ஒரு பழைய போனோகிராஃபை வாங்கியவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் கையேட்டில் இரண்டே வரியில் சொல்லியிருக்கும் ஒரு விஷயம் தெரியாததால், திரும்பக் கிடைக்காத இசைத்தட்டுகள் கெட்டுப்போகின்றன. எடிசனின் டைமண்ட் டிஸ்க் இயந்திரத்தில் முனை மேலும் கீழுமாக அசைந்து ஒலியை எடுக்கும். விக்டர், கொலம்பியா போன்ற நிறுவனங்களின் வழக்கமான 78 தட்டுகளில் (நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுற்றுபவை) பள்ளம் பக்கவாட்டில் நெளிந்து போகும். அந்தத் தட்டை இந்த இயந்திரத்தில் வைத்தால் தட்டு சேதமாகும். டைமண்ட் டிஸ்க் மேல் இரும்பு ஊசியை ஓட்டினாலும் அதே கதிதான். தட்டுக்குப் பதிலாக உருளையில் பதிந்த இசையைப் பாடும் வகையிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. இரண்டு நிமிட உருளையில் அங்குலத்துக்கு 100 வரிகள். நான்கு நிமிட உருளையில் 200. இரண்டு நிமிடத்துக்கான தடித்த முனையை நான்கு நிமிட மெழுகு உருளையில் இறக்கினால் மெல்லிய வரிகள் அழிந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், பாட வைப்பதற்கு முன்னால் கையேட்டைத் தேடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: உங்களிடம் இருப்பது எந்த இயந்திரம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வது. கையேடு கிடைக்கவில்லை என்று வருந்துகிற பலருக்கு உண்மையில் கிடைக்காதது கையேடு அல்ல. எதைத் தேட வேண்டும் என்ற விவரம்தான். தவறான மாடலின் கையேடு கையில் இருப்பது கையேடே இல்லாததைவிட ஆபத்து.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது கையேட்டில் உள்ள விவரமா, அந்தக் காலத்தில் அச்சான காகிதமேவா? விவரம் போதும் என்றால் நல்ல ஸ்கேன் பிரதி போதும், பெரும்பாலும் செலவில்லாமல் கிடைத்துவிடும். அசல் காகிதம் வேண்டும் என்றால் பொறுமையும் பணமும் வேண்டும். இரண்டையும் வேண்டுபவர்கள்கூட ஸ்கேனிலிருந்து தொடங்குவதே நல்லது. அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்த கண்ணோடு கடைக்குப் போகலாம்.

முதல் படி: இயந்திரத்தைப் படியுங்கள்

பெயர்த்தகட்டில் தொடங்குங்கள். விக்டர் நிறுவனத்தின் விக்ட்ரோலா என்றால் பெரும்பாலும் மூடியைத் திறந்ததும் உள்ளே தெரியும். வெளியே குழல் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல்களில் பெட்டியின் பக்கவாட்டில் பாருங்கள். எடிசன் உருளை இயந்திரங்களில் மேலே உள்ள இரும்புத் தளத்தில் இருக்கும். தகட்டில் மாடல் பெயர், வரிசை எண், காப்புரிமைத் தேதிகள் இருக்கும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பித்தளை பளபளக்கட்டும் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; நமக்கு வேண்டிய எழுத்துகளும் சேர்ந்து போய்விடும்.

மாடல் பெயரோடு நின்றுவிடக் கூடாது. எடிசன் ஸ்டாண்டர்டு 1898-இல் வந்தது. அதற்குப் பிறகு ஏ முதல் ஜி வரை பல வகைகள் வந்தன. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே பல்சக்கர அமைப்பு வேறு. டி வகை இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் இரண்டையும் வாசிக்கும். 1908-இல் நான்கு நிமிட உருளை வந்ததும், பழைய இயந்திரங்களில் பொருத்திக்கொள்ள எடிசன் நிறுவனம் தனியாக ஓர் இணைப்பும் விற்றது. உங்கள் இயந்திரத்தில் அப்படி ஒன்று பின்னால் ஏறியிருந்தால், மூலக் கையேட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. அந்த இணைப்புக்கான குறிப்பைத் தனியாகத் தேட வேண்டும்.

விக்ட்ரோலாவில் வரிசை எண்ணை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் விடாதீர்கள். மாடல் பெயரை மாற்றாமலே மோட்டார், பிரேக் போன்றவற்றை நிறுவனம் மாற்றியபோது அந்த எழுத்து மாறியது. இன்னொரு விஷயம்: விக்ட்ரோலாவின் பழைய மாடல்கள் ரோமன் எண்ணிலும், 1920-களில் வந்த பல மாடல்கள் சாதாரண எண்ணிலும் பெயரிடப்பட்டவை. பட்டியல் தயாரித்தவர்கள் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதியிருக்கலாம் என்பதால், இரண்டு விதமாகவும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

எச்எம்வி நிறுவனத்தின், கையில் தூக்கிச் செல்லும் பெட்டி மாடல்களிலும் இதே கவனம் வேண்டும். 1931-இல் வந்த 102 என்ற மாடல் பல ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தது. அதற்குள் ஊசியின் அசைவை ஒலியாக்கும் சவுண்டு பாக்ஸ் 5ஏ-யிலிருந்து 5பி-க்கு மாறியது, தானாக நிற்கும் பிரேக்கின் அமைப்பும் மாறியது. பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கையேட்டில் தேடப்போகிறவருக்கு அந்த மாற்றம்தான் முக்கியம்.

காப்புரிமைத் தேதிகள் கையில் கிடைத்த சாவி என்றே சொல்வேன். தகட்டில் உள்ளவற்றில் கடைசித் தேதியைப் பாருங்கள்; இயந்திரம் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. தேதி மங்கலாக இருந்தால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலம் முழுக்க அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாயின. போனோகிராஃபுக்கு எடிசன் பெற்ற காப்புரிமை 1878 பிப்ரவரி 19; கிராமபோனுக்கு எமில் பெர்லினர் பெற்றது 1887 நவம்பர் 8. இரண்டும் செவ்வாய். நீங்கள் படித்த தேதி வேறு கிழமையில் வந்தால், 3-ஐ 8 என்றோ 1-ஐ 7 என்றோ படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுபடி பூதக்கண்ணாடியை எடுங்கள்.

தகடே இல்லையா? மோட்டாரின் வார்ப்பில் உள்ள எண், சவுண்டு பாக்ஸின் பின்பக்கம், தட்டை வைத்துச் சுற்றும் டர்ன்டேபிளுக்கு அடியில், சாவியின் கைப்பிடி என்று எல்லா இடத்திலும் பாருங்கள். 1910-களின் பிற்பகுதியில் ஏராளமான சிறு நிறுவனங்கள் வேறு ஒருவரிடம் மோட்டாரை வாங்கி, தங்கள் பெட்டியில் பொருத்தி, தங்கள் பெயரில் விற்றன. அப்படிப்பட்ட இயந்திரத்துக்குப் பெட்டியில் உள்ள பெயரை வைத்துத் தேடினால் எதுவும் வராது. மோட்டாரைச் செய்தவர் பெயரில் தேடினால் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பளபளக்கும் பெரிய பித்தளைக் குழல், அதன்மேல் நாய் படம் போட்ட ஸ்டிக்கர், புதிதாகச் செதுக்கிய மரப்பெட்டி, உள்ளே ஏதோ ஒரு பழைய பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றிய மோட்டார். இப்படிச் சேர்த்துக் கட்டிய இயந்திரங்கள் சந்தையில் நிறைய. அந்த வடிவத்தில் எந்த நிறுவனமும் ஒருபோதும் அதைச் செய்யவில்லை என்பதால் அதற்கு அசல் கையேடும் கிடையாது. மோட்டாருக்கு மட்டும் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: பெட்டிக்குள் பாருங்கள்

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பொருளை ஊரெல்லாம் தேடுவது இதில் அடிக்கடி நடக்கும். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய தாள், ஊசி வைக்கும் கிண்ணத்துக்கு அடியில், இழுப்பறையின் பின்பக்கம், இசைத்தட்டு அடுக்கும் அறையின் சுவரை ஒட்டி, தட்டு ஆல்பங்களின் கடைசிப் பை என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். எடிசன் உருளை இயந்திரங்கள் பலவற்றில் மேல்தளத்தை அப்படியே கீலில் தூக்கலாம். அடியில் பெட்டியின் அடித்தளம் தெரியும், மடித்த காகிதங்கள் அங்கே விழுந்து கிடப்பதுண்டு.

மோட்டார் பலகையைத் தூக்க வேண்டியிருந்தால், ஸ்பிரிங்கில் உள்ள முறுக்கு முழுவதும் இறங்கும்வரை டர்ன்டேபிளைச் சுற்றவிட்டு, அது தானாக நின்றபின் மட்டும் கை வையுங்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விரலைப் பதம் பார்த்துவிடும். ஸ்பிரிங் இருக்கும் உருளையை எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் திறக்க வேண்டாம்.

ஒட்டிய தாளைப் பிய்த்து எடுக்க முயலாதீர்கள். இருந்த இடத்திலேயே நேராகப் படம் எடுத்துக்கொண்டால் போதும். இயந்திரத்தை விற்றவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். பழைய தட்டுகளோடு, கடிதங்களோடு ஒரு பெட்டியில் தனியாக அது கிடக்கலாம்.

மூன்றாம் படி: ஸ்கேன் பிரதிகள்

இணையத்தில் தேடும்போது இன்றைய பேச்சில் தேடாமல், அந்தந்த நிறுவனம் தன் பொருளை என்ன பெயரில் அழைத்ததோ அதே பெயரில் தேட வேண்டும். எடிசன் இயந்திரம் போனோகிராஃப். கொலம்பியா தன்னுடையதை கிராஃபோபோன் என்றது, குழல் பெட்டிக்குள்ளேயே அடங்கிய மாடல்களை கிராஃபோனோலா என்றது. விக்டர் பயன்படுத்திய பெயர் டாக்கிங் மெஷின், பின்னர் விக்ட்ரோலா. அதேபோல அந்தக் காலத்துத் தாள்களில் ஓனர்ஸ் மேனுவல் என்ற தலைப்பைக் காண்பது அபூர்வம். டைரக்‌ஷன்ஸ், இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ், செட்டிங் அப், ஆபரேஷன், கேர் என்பவைதான் அட்டையில் இருக்கும். இவற்றை மாடல் பெயரோடு ஆங்கிலத்தில் சேர்த்துப் போடுங்கள்.

முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ். நிறுவனக் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள், விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் அங்கே கலந்து கிடக்கும். அடுத்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ஸ்மித்சோனியன் நூலகங்களில் உள்ள வணிகப் பிரசுரத் தொகுப்பு. பக்க எண்ணிக்கை குறைந்த இதுபோன்ற தாள்களைப் பல நூலகங்கள் தனித்தனியாகப் பட்டியலிடுவதில்லை. நிறுவனத்தின் பெயரில் ஒரு பெட்டியாக வைத்துவிடுகின்றன. அதனால் மாடல் பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால் நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டுப் பாருங்கள். டிரேடு கேட்டலாக் (வணிகப் பட்டியல்), எபிமெரா (துண்டுத்தாள்கள் போன்ற சில்லறை அச்சுகள்) என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பலர் தவறவிடும் ஒரு சுரங்கம்: அந்தக் காலத்து வணிக இதழ்கள். 1905 முதல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டாக்கிங் மெஷின் வேர்ல்டு’ இதழ்கள் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. தன் விற்பனையாளர்களுக்காக எடிசன் நிறுவனம் 1903-இல் தொடங்கிய ‘எடிசன் போனோகிராஃப் மன்த்லி’ அதைவிட நெருக்கமானது. புதிய ரீப்ரொடியூசர் (முனையைத் தாங்கி ஒலியை எழுப்பும் பாகம்) வந்தால் எந்த மாடலில் பொருந்தும், எப்படி மாட்டுவது என்று கடைக்காரருக்குச் சொல்லும் குறிப்புகள் அதில் உண்டு. வாங்கியவரிடம் கொடுத்த தாளில் இல்லாத விவரமும் இதில் அகப்படும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். வாங்குபவருக்குக் கொடுத்த தாள், எண்ணெய் எங்கே விடுவது, ஊசியை எப்போது மாற்றுவது, வேகத்தை எப்படிச் சரிசெய்வது என்பதோடு நின்றுவிடும். மோட்டாரைப் பிரிக்கும் வேலை கடைக்காரருடையது. அதற்கான பழுதுபார்ப்புக் கையேடும் உதிரிபாகப் பட்டியலும் வேறு. நீங்கள் ரிப்பேர் செய்யப்போகிறீர்கள் என்றால் உண்மையில் தேட வேண்டியது இந்த இரண்டாவது வகை. 1925-க்குப் பின் வந்த மின்சார ஒலிபெருக்கி உள்ள மாடல்களுக்கு வயரிங் படம் பழைய வானொலிப் பழுதுபார்ப்புத் தொகுதிகளில் இருக்கும். படம் கிடைக்கும்வரை அந்த இயந்திரத்தின் பிளக்கைச் சொருகாதீர்கள். நூறாண்டு ஆன வயரின் உறையை நம்ப முடியாது.

ஸ்கேன் கிடைத்ததும் அவசரப்படாமல் படங்களை உங்கள் இயந்திரத்தோடு ஒப்பிடுங்கள். பிரேக் நெம்புகோல் இருக்கும் இடம், வேகத் திருகு, எண்ணெய்த் துளைகள், சாவி நுழையும் பக்கம். இந்த நான்கும் பொருந்தினால் பெரும்பாலும் அது உங்களுடையதுதான்.

நான்காம் படி: ஆட்களிடம் கேளுங்கள்

ஸ்கேனில் இல்லாதவை ஆவணக் காப்பகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. எடிசன் தொடர்பானவற்றுக்கு நியூஜெர்சி மாநிலம் வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள தாமஸ் எடிசன் தேசிய வரலாற்றுப் பூங்கா. விக்டருக்கு டெலவேர் மாநிலத்தில் ஹாக்லி நூலகமும், டோவர் நகரில் உள்ள ஜான்சன் விக்ட்ரோலா அருங்காட்சியகமும். எச்எம்விக்கு இங்கிலாந்தின் ஈஎம்ஐ ஆர்க்கைவ் டிரஸ்ட். சங்கங்களில் லண்டனில் 1919-இல் தொடங்கிய சிட்டி ஆஃப் லண்டன் போனோகிராஃப் அண்டு கிராமபோன் சொசைட்டி மூத்தது. அமெரிக்காவில் மிச்சிகன், கலிஃபோர்னியா மாநிலங்களிலும் பழைய போனோகிராஃப் சங்கங்கள் உண்டு. இவற்றின் உறுப்பினர்கள் தங்களிடம் உள்ள தாளைப் பகிர்ந்துகொள்வதில் தாராளமானவர்கள். கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

‘விக்டர் கையேடு ஏதாவது இருக்கிறதா?’ என்று எழுதினால் பதில் வராமல் போகலாம், அதில் அவர்கள் மேல் குறையில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘என்னிடம் இந்த மாடல், இந்த வரிசை எண், கடைசிக் காப்புரிமைத் தேதி இது. பெயர்த்தகட்டின் படத்தையும் மோட்டாரின் படத்தையும் இணைத்துள்ளேன். கவர்னருக்கு (வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்) எண்ணெய் விடும் இடத்தைக் காட்டும் பக்கம் தேவை. பிரதி எடுக்கக் கட்டணம் உண்டா?’ படித்தவர் எழுந்துபோய் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

ஐந்தாம் படி: அசல் காகிதத்தை வாங்குவது

ஏலத் தளங்களில் தனிக் கையேடாக வருவது குறைவு. இசைத்தட்டுப் பட்டியல்கள், ஊசி டப்பாக்கள், பழைய விளம்பரத் தாள்கள் என்று ஒரு கட்டாக வரும். நடுவில் அது இருக்கும். விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். விக்ட்ரோலாவில் ஒரு எல் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுப் பதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். தப்பான எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள், அங்கே போட்டி குறைவு.

பணம் கொடுப்பதற்கு முன் அது அசல்தானா என்று பார்க்க வேண்டும். இத்தகைய கையேடுகளைச் சேகரிப்பாளர்களுக்காக மறு அச்சுச் செய்து விற்பது நெடுநாள் வழக்கம், அதில் தவறேதும் இல்லை. மறு அச்சை அசல் என்று சொல்லி விற்பதுதான் தவறு. அட்டை, கடைசிப் பக்கம், பின் அடித்த நடுப்பக்கம், இந்த மூன்றின் படத்தையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த ஒரு படத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். இன்றைய தாள் அளவுக்கு அச்சொட்டாகப் பொருந்தினால் சந்தேகப்படலாம்.

கையில் எடுத்ததும் பின்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். அச்செழுத்து அழுத்திய தடம் லேசாகப் புடைத்துத் தட்டுப்பட்டால் நல்ல அறிகுறி. ஆஃப்செட் அச்சிலும் நகல் இயந்திரத்திலும் அது வராது. பூதக்கண்ணாடியில் படங்களைப் பாருங்கள். அசலில் புள்ளிகள் தெளிவாக வரிசையில் நிற்கும். அச்சான படத்தை மறுபடி படமெடுத்து அச்சிட்டதில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இருண்ட இடங்கள் அடைத்துப்போய், சில சமயம் அலை அலையாகவும் தெரியும். எழுத்தின் மேல் பிளாஸ்டிக் மாதிரி ஒரு மினுமினுப்பு இருந்தால் அது டோனர், அதாவது நகல் இயந்திரத்தின் மைத்தூள்.

இவற்றையெல்லாம்விட எளிதான சோதனை, இருட்டில் புறஊதா விளக்கு. 1950-களிலிருந்து காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் காகிதம் இந்த விளக்கில் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும். 1910-இல் அச்சானது என்று சொல்லப்படும் தாள் அப்படி ஒளிர்ந்தால் பேச்சே இல்லை, பிற்காலத்து அச்சு. ஒளிராமல் மங்கலாக இருந்தால் மட்டும் அசல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பழைய வெற்றுத்தாளில் அச்சிட முடியும். மற்ற அடையாளங்களும் சேர்ந்து வர வேண்டும்.

ஆண்டையும் சோதியுங்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஃபார்ம் என்ற சொல்லோடு ஓர் எண் அல்லது அச்சகக் குறி இருக்கலாம். அதே கையேடு திருத்தப்பட்டு மறுபடி வந்தபோது இது மாறும். நிறுவனத்தின் பெயரும் பேசும். விக்டர் 1901-இல் தொடங்கியது, 1929-இல் அதை அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்சிஏ வாங்கியது. ஆர்சிஏ விக்டர் என்ற பெயர் உள்ள தாள் அதற்கு முந்தைய இயந்திரத்தோடு வந்திருக்க முடியாது. எடிசன் நிறுவனம் 1929-இல் வீட்டுப் போனோகிராஃப் தொழிலையே விட்டுவிட்டது.

கிடைக்காமல் போனால்

சில நிறுவனங்களுக்கு ஒரு தாள்கூட மிஞ்சவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது பெயர்த்தகட்டில் குறித்துவைத்த காப்புரிமைத் தேதிகள் மறுபடி உதவிக்கு வருகின்றன. கூகுள் பேட்டன்ட்ஸில் அந்தத் தேதியையும் போனோகிராஃப் அல்லது டாக்கிங் மெஷின் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் மூல வரைபடங்கள் வரும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணிட்டு, எது எதைத் தள்ளுகிறது, எது எப்போது விடுபடுகிறது என்று அதில் எழுதியிருப்பார்கள். பிரேக், கவர்னர், தானாக நிறுத்தும் அமைப்பு ஆகியவற்றுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பல கையேடுகளிலேயே கிடையாது. அதோடு, அதே மோட்டாரைப் பயன்படுத்திய வேறு பிராண்டின் கையேட்டையும் சேர்த்து வைத்துப் படித்தால் வேலை நடக்கும்.

கிடைத்தபின்

அசல் தாளை வேலை செய்யும் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிரீஸ் கறை ஒருமுறை பட்டால் போகாது. மலிவான மரக்கூழ்க் காகிதம் அமிலத்தால் உளுத்துப்போயிருக்கும், பழைய மடிப்பிலேயே திரும்பத் திரும்ப மடித்தால் அங்கேயே விட்டுவிடும். விரித்து வைத்து, 400 டிபிஐ அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். வெற்றுப் பக்கங்களையும் அட்டையின் உட்புறத்தையும் விடாமல் எடுங்கள். கடைக்காரரின் முத்திரையோ வாங்கியவர் பென்சிலில் குறித்த தேதியோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

ஸ்கேனை மற்றவர்களுக்கும் கொடுங்கள். அமெரிக்காவில் 1929 வரை வெளியான தாள்களின் பதிப்புரிமைக் காலமான 95 ஆண்டுகள் முடிந்துவிட்டதால் அங்கே தடையேதும் இல்லை. பகிரும்போது கோப்பின் பெயரிலேயே நிறுவனம், மாடல், வகை எழுத்து, ஃபார்ம் எண் நான்கையும் எழுதுங்கள். கீழே விவரக் குறிப்பில் உங்கள் இயந்திரத்தின் வரிசை எண்ணையும் சேர்த்துவிட்டால், எந்தக் காலத்து இயந்திரத்தோடு எந்தப் பதிப்பு வந்தது என்பது அடுத்துத் தேடுபவருக்குத் தெரியும்.